எல் வடிவ சோஃபாவுக்கு மேசை தேடியபோது

எல் வடிவ சோஃபாவா, அப்படியென்றால் வட்ட மேசை போடுங்கள். சொல்லிவைத்தாற்போல் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். கடைக்காரர் சொல்கிறார், யூடியூப்பில் சொல்கிறார்கள், வீட்டில் சோஃபாவே இல்லாத என் நாத்தனார்கூடச் சொன்னார். சரி, ஏன் என்று திருப்பிக் கேட்டால் “பார்க்க அழகா இருக்கும்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கு மேசை தேடி அலைந்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஹாலில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள், மூலையில் யார் உட்கார்கிறார்கள், இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மேசையின் வடிவத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். சோஃபா எல்லைக்கோட்டைப் போட்டுத் தரும், அவ்வளவுதான் அதன் வேலை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பகாவில். நெகிரி செம்பிலான், ஜெம்போல் மாவட்டம். பட்டணத்தைத் தாண்டி எந்தப் பக்கம் காடியை விட்டாலும் செம்பனைதான், நடுநடுவே இன்னும் கொஞ்சம் ரப்பர். என் வீட்டுக்காரர் குடும்பம் முழுக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. மாடி இல்லாத வரிசை வீடு. ஹால் 12 அடி அகலம், 15 அடி நீளம், அதற்குள்ளேயே வாசல் கதவு, சாமி மேடை, டிவி, குசினிக்குப் போகிற வழி எல்லாம் அடங்க வேண்டும். அதுவரை மூன்று பேர் உட்காருகிற ஒரு செட்டியும் இரண்டு நாற்காலியும் கிடந்தன. ஜொகூர் பாருவில் இருக்கும் என் தம்பி வீடு மாற்றும்போது “அக்கா, நீயே வச்சுக்க” என்று தன் எல் சோஃபாவை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டான். நல்ல சோஃபா, குறை சொல்ல முடியாது. ஒரு கை 9 அடி, இன்னொரு கை 7 அடி. நீளக் கையின் முதுகு இடது சுவரை ஒட்டி, குட்டைக் கையின் முதுகு வாசல் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே, எதிர்ச் சுவரில் டிவி. வேறு எப்படித் திருப்பினாலும் ஒன்று கதவு திறக்காது, இல்லையென்றால் சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டி வரும்.

பழைய செட்டியோடு வந்த மேசை நீள்சதுரம், 4 அடிக்கு 2 அடி. அதையே நடுவில் போட்டு வைத்தோம். மேசையில் கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் என் மாமியாருக்கு அந்த வீட்டில் உட்கார இடம் இல்லாமல் போனது. நாற்பது வயது வரைக்கும் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், இப்போது இரண்டு முழங்காலிலும் வலி. சோஃபாவுக்கும் மேசைக்கும் நடுவில் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்துப் போவது அவரால் ஆகாது. அதனால் சோஃபா அவ்வளவு நீளம் இருந்தும் நீளக் கையின் கடைசி முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு உட்காருவார், அந்த இடத்தில் பேரன் முன்னாடியே போய்ப் படுத்திருந்தால் குசினி நாற்காலிக்குப் போய்விடுவார். மேசையை மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனது இதனால்தான்.

முதலில் அளவு. சோஃபாவின் நீளத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை மேசை இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. நேரான சோஃபாவுக்கு அது சரியாக வரும். எல் சோஃபாவில் வெளிப்பக்கத்தை அளந்து இந்தக் கணக்கைப் போட்டால் வம்பு. எங்களுடையது வெளியே 9 அடி, மூன்றில் இரண்டு என்றால் 6 அடி மேசை. ஆனால் உட்காருகிற ஆழம் 3 அடி, அதாவது அந்த 9 அடியில் 3 அடியை மூலையே விழுங்கிவிடுகிறது. உள்ளே கால் தொங்குகிற விளிம்பை அளந்தால் நீளக் கை 6 அடி, குட்டைக் கை 4 அடி. கணக்கை இந்த 6 அடியில்தான் போட வேண்டும், 3 முதல் 4 அடி வரை மேசை. 6 அடி மேசையை வாங்கிப் போட்டிருந்தால் எல்லின் வாயையே அடைத்திருக்கும், உள்ளே போனவர் சோஃபாவைத் தாண்டிக் குதித்துத்தான் வெளியே வர வேண்டும்.

அப்புறம் இடைவெளி. சோஃபா விளிம்புக்கும் மேசைக்கும் நடுவில் 14 முதல் 18 அங்குலம் விட வேண்டும். அதைவிடக் குறைந்தால் முழங்கால் இடிக்கும், கூடினால் தேத்தண்ணியை எட்டி வைப்பதற்குள் மடியில் ஊற்றிக்கொள்வோம். ஆட்கள் நடக்கிற வழி என்றால் 30 அங்குலமாவது வேண்டும், கையில் தட்டோடு வருகிற வழி என்றால் இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது. எங்கள் ஹால் 12 அடி, அதாவது 144 அங்குலம். சோஃபா 36, டிவி அலமாரி 18 போக மிச்சம் 90. அதில் சோஃபா பக்கம் 16 விட்டு, 36 அங்குல மேசை போட்டால் டிவி பக்கம் 38 அங்குலம் வழி கிடைக்கும். வாசலிலிருந்து குசினிக்குப் போகிற எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், செம்பனை ஆலையில் வேலை முடிந்து சைக்கிள் ஹெல்மெட்டும் பையுமாக வருகிற என் வீட்டுக்காரர் உட்பட. இந்த 38ஐக் கெடுக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

இந்த அளவுகளுக்குள் என்ன வடிவம் என்பதுதான் அடுத்தது. இதைக் காகிதத்தில் வரைந்து பார்த்ததைவிடத் தரையில் போட்டுப் பார்த்ததில்தான் தெளிவு வந்தது. பழைய மக்கள் ஓசை, மலேசிய நண்பன் நாளிதழ்த் தாள்களை டேப் போட்டு ஒட்டி, 36 அங்குலச் சதுரம் ஒன்று, அதே 36 அங்குலத்தில் வட்டம் ஒன்று, நீள்வட்டம் ஒன்று என்று வெட்டினேன். ஒவ்வொன்றாகத் தரையில் ஒட்டிவிட்டு நாள்பூராவும் அப்படியே விட்டுவிடுவது, யார் எங்கே மிதிக்கிறார்கள் என்று பார்ப்பது. மிதித்த இடம் கசங்கும், கிழியும். இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தட்டையான தாளை ஆட்கள் கூச்சமில்லாமல் மிதிப்பார்கள் என்பதால் உயரமும் வேண்டுமென்றால் தாளின் ஓரத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பெட்டி அடுக்கியதும் சின்னவன் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டான், அதனால் தாளோடு நிறுத்திக்கொண்டோம்.

சதுரத் தாளில் கிழிந்தது ஒரே ஒரு முனை. எல்லின் மூலைக்கு நேர் எதிர் முனை, அதாவது குசினிப் பக்கத்தையும் டிவியையும் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் முனை. குசினியிலிருந்து தட்டோடு வருகிற ஆள் யாரும் நேராக வந்து திரும்புவதில்லை, குறுக்கேதான் வருவார்கள், அப்போது அந்த முனை சரியாக முழங்காலுக்குக் கீழே நிற்கும். 36 அங்குலச் சதுரத்தில் நடுவிலிருந்து முனைவரை இருபத்தைந்தரை அங்குலம். அதே அளவு வட்டத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை எந்தப் பக்கம் பார்த்தாலும் 18தான். ஆக வட்டம் போட்டால் அந்த முனையில் ஏழரை அங்குலம் மிச்சம். ஏழரை என்றதும் சனி ஞாபகம் வர வேண்டாம், இந்த ஏழரை நல்ல ஏழரைதான், முட்டியில் இடி வாங்காமல் காப்பாற்றுகிறது.

ஆனால் இதே ஏழரை அங்குலம் எதிர்ப்பக்கம் நம்மிடமிருந்து பறிபோகிறது. இதை யாரும் சொல்வதில்லை, கடையில் கேட்டால் முழிக்கிறார்கள். எல்லின் உள்மூலையில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையிலிருந்தும் 16 அங்குலம் தள்ளிச் சதுர மேசை போட்டால், மூலைக்காரருக்கு மேசையின் முனை ஏறத்தாழ 23 அங்குலத்தில் இருக்கும், கொஞ்சம் குனிந்தால் எட்டும். வட்ட மேசை என்றால் அதே ஆளுக்கு 30 அங்குலம். எட்டாது, எழுந்துதான் குவளையை எடுக்க வேண்டும். மூலையில் யார் உட்காருவார் என்று ஆரம்பத்திலேயே நான் சொன்னது இதற்காகத்தான். உங்கள் வீட்டில் அது அப்பாவின் இடம், அவர் அங்கேயே உட்கார்ந்து பசியாறுவார் என்றால் வட்டம் வேண்டாம், முனைகளை நன்றாக உருட்டிவிட்ட சதுரம் பாருங்கள். எங்கள் வீட்டு மூலையில் பெரியவன் கைப்பேசியோடு முடங்கிக்கிடப்பான், இல்லையென்றால் மடிக்காத துணி குவிந்திருக்கும். இரண்டுக்கும் மேசை தேவையில்லை.

வட்டத்தில் இன்னொரு சௌகரியம் தாளை நகர்த்திப் பார்த்தபோது தெரிந்தது. சதுர மேசையை 12 அங்குலம் வரை நெருக்கினால் அதன் பக்கம் முழுக்க 12தான், உட்காருகிற எல்லாருக்கும் கால் முட்டும். வட்டத்தை 12க்கு நெருக்கினால் ஒரே ஒரு இடத்தில்தான் 12, அங்கிருந்து பத்து அங்குலம் தள்ளிப் போனாலே 15 ஆகிவிடுகிறது. அதனால் வட்டத்தைத் தைரியமாக மூலைப் பக்கம் கொஞ்சம் தள்ளலாம். அப்படி இரண்டு பக்கமும் 12க்குத் தள்ளியதும் மூலைக்காரரின் தூரம் 30லிருந்து 24க்கு வந்தது, டிவி பக்கத்து வழியும் நாலு அங்குலம் அகலமானது. மாமியார் முனையில் உட்கார்ந்து, வட்டத்தை ஒட்டிக் கால் நீட்டிப் பார்த்துவிட்டு “இப்போ சரி” என்றார். அவர் வாயால் “சரி” வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

நீள்வட்டம் எங்களுக்கு ஒத்துவரவில்லை என்றாலும் அதைத் தள்ளிவிடக் கூடாது. சிரம்பானில் என் அக்கா வீட்டில் இருப்பதும் எல்தான், ஆனால் குட்டைக் கைக்கு முதுகு கிடையாது, கால் நீட்டிப் படுப்பதற்கான பக்கம் அது. அங்கே யாரும் டிவியைப் பார்த்து உட்காருவதில்லை, படுத்திருப்பவருக்கு மேசை கால்மாட்டில் இருந்து என்ன பயன்? அந்த வகை எல்லில் மேசை நீளக் கைக்கு மட்டும்தான், கிட்டத்தட்ட நேர் சோஃபா கணக்கு. அவள் ஹால் ஒடுக்கமும் கூட. 48க்கு 26 அங்குல நீள்வட்டம் போட்டிருக்கிறாள், கச்சிதமாக இருக்கிறது. ஆக எல் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, இரண்டு கையிலும் ஆள் உட்காருகிற எல் சோஃபாவா, ஒரு கை படுக்கையா என்று பார்க்க வேண்டும். மூன்று பக்கமும் சூழ்ந்த பெரிய சோஃபா வைத்திருப்பவர்களுக்கு வட்டமோ சதுரமோதான் சரி, நீளமாக எதைப் போட்டாலும் ஒரு பக்கத்துக்காரர் அம்போதான்.

வடிவம் முடிவானதும் வாங்குவதற்கு மூவார் போனோம். மலேசியாவில் தளவாடம் செய்கிற ஊர் என்றால் மூவார்தான், அங்கே மீ பண்டோங் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று மாமியாரும் கிளம்பினார். கடையில் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு வட்ட மேசையைத் தட்டிக் காட்டி “காயு கெத்தா” என்றார், ரப்பர் மரம். விலையைக் கேட்டதும் மாமியார் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, ஆனால் கடை பூராவும் கேட்கும்படி, “வெறகுக்குப் போன மரம்டி இது. இதுக்கா இவ்ளோ வெள்ளி?” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு ரப்பர் மரம் 25, 30 வருஷம் பால் கொடுத்த பிறகு வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் அந்தக் காலத்தில் அடுப்புக்கும், ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும்தான் போனது. அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம், வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டும் துளைக்கும். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூட்டறையில் உலர்த்துகிற முறை நன்றாகப் பழகிய பிறகு, 1980களிலிருந்துதான் அது பெரிய அளவில் மேசை நாற்காலியாக மாறியது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமியார் குனிந்து மேசையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் சரியான வேலை. மேலே வார்னிஷ் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கீழே குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை இருக்கிறதா, விரலால் தடவினால் மாவு மாவாகத் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டு உள்ளே குடியிருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம், ரப்பர் மரம் அவ்வளவு பருமனாக வளராததால் பலகை ஒரே துண்டாக வராது, இரண்டு மூன்று விரல் அகலக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித்தான் செய்வார்கள். மாமியார் அந்த ஒட்டுகளை எண்ணிவிட்டு “கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி” என்றார். ஒட்டு இருப்பது குறை இல்லை, ஒட்டிய இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தால்தான் குறை.

வட்டத்துக்கு ஏன் விலை கூடுதல் என்பதும் அங்கேதான் விளங்கியது. முதலில் சதுரமாக ஒட்டிவிட்டு அதிலிருந்து வட்டத்தை வெட்டுகிறார்கள், நாலு முனையுமாகச் சேர்ந்து பலகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிவாகப் போகிறது. வட்டத்தின் ஓரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சதுர மேசையில் மரத்தின் குறுக்குவெட்டு இரண்டு பக்கத்தில் நேராக நிற்கும். வட்டத்தில் அது எதிரெதிரே இரண்டு வளைவாக வரும். குறுக்குவெட்டு தண்ணீரை உறிஞ்சும், பனிக்கட்டி போட்ட மைலோ குவளையிலிருந்து வழிகிற தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றால் அந்த இரண்டு வளைவில்தான் முதலில் கறுக்கும். அதனால் கையை ஓரமாக ஓட்டி முழு வட்டமும் சுற்றிவாருங்கள், இரண்டு இடத்தில் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் வார்னிஷ் போதவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு அப்படித் தட்டுப்பட்டது, இன்னொரு பூச்சு அடித்துத் தரச் சொன்னோம், தவுக்கே முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

கால் மூன்றா நாலா என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காடியிலேயே வாக்குவாதம். மூன்று கால் மேசை எந்தத் தரையிலும் ஆடாது, எங்கள் வீட்டு டைல்ஸ் மட்டமாக இல்லாததால் அவர் அதைத்தான் கேட்டார். ஆனால் மூன்று காலில் இரண்டு கால்களுக்கு நடுவில் பலகை ரொம்ப தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அங்கே ஒரு பிள்ளை கையை ஊன்றி ஏறினாலோ, எழுந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பாரத்தைப் போட்டாலோ மேசை கவிழும். வலிக்கிற முழங்காலோடு எழுந்திருக்கிறவர் எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அதனால் நாலு கால், ஆடுகிற காலுக்கு அடியில் ஒட்டுகிற ஃபெல்ட் துண்டு. விஷயம் முடிந்தது.

கண்ணாடியும் மார்பிளும் அழகுதான், ஹால் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணாடி நல்ல யோசனைதான். எங்களுக்கு இரண்டும் ஆகாது என்று விட்டதற்குக் காரணம் எடை. 36 அங்குல வட்டத்தில் 2 செண்டிமீட்டர் மார்பிள் என்றால் மேல்பலகை மட்டுமே 35 கிலோ பக்கத்தில் வரும். தமிழர் வீட்டு ஹால் எப்போதும் ஹாலாகவே இருப்பதில்லை. வருஷத்தில் பல நாள் அதைக் காலி பண்ணிப் பாய் விரிக்க வேண்டியிருக்கிறது, பெரியவர்களுக்குப் படையல் போடும்போது, தீபாவளிக்கு ஆட்கள் வந்து குவியும்போது, ஊரிலிருந்து வந்த சொந்தம் இரவு தங்கும்போது. அப்போது மேசையை ஒரு ஆள் தூக்கி அறைக்குள் வைக்க முடிய வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். ரப்பர் மரத்தில் அதே அளவு மேசை காலோடு சேர்த்துப் பதினைந்து கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. மார்பிளில் எலுமிச்சையும் புளியும் பட்டால் பளபளப்பு போய்த் தழும்பு விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டு மேசையில் சம்பலோ கரிபப்போ இருக்கிற தட்டு இல்லாத நாள் குறைவு. மஞ்சள் கறைக்குப் பயப்பட வேண்டாம், துடைத்துவிட்டு வெயில் படும் இடத்தில் வைத்தால் மெல்ல வெளுத்துவிடும்.

உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேசை, உட்காருகிற மெத்தை உயரத்துக்கு இருக்கலாம், அல்லது ஒன்றிரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கலாம். ஆனால் மெத்தையை ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். தம்பியின் சோஃபா சும்மா இருக்கும்போது 18 அங்குலம், என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் 16க்குக் கொஞ்சம் கூட. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற வீடு என்றால் தாழ்வான மேசை முதுகைப் பதம் பார்க்கும், மெத்தை உயரத்துக்கே வாங்குங்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்தது இரட்டை வட்டம். பெரியது 36 அங்குலம், 16 அங்குல உயரம். அதற்கு அடியில் நுழைகிற சின்னது 18 அங்குலம். மூலையில் விருந்தாளி யாராவது உட்கார்ந்தால் சின்னதை இழுத்து அவர் பக்கம் தள்ளிவிடுவோம், அந்த எட்டாத தூரத்துக்கு அதுதான் மருந்து. இப்படி இரண்டாக வாங்குகிறவர்கள் பெரிய மேசையின் இரண்டு கால்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்துவிட்டு வாங்குங்கள். எங்களுடையதில் இருபதுக்கு மயிரிழை குறைவு, 18 அங்குல மேசை பதமாக உள்ளே போகிறது. கடையில் ஜோடியாக வைத்திருந்த இன்னொன்றில் சின்னது ஒரு பக்கம் மட்டும்தான் நுழைந்தது, அதுவும் சாய்த்துப் பிடித்தால்.

10 அடி அகல ஹாலில் எல் சோஃபா போட்டிருப்பவர்களும் நம்மவர்களில் நிறைய. 120 அங்குலத்தில் சோஃபா 36, அலமாரி 18 போனால் 66. அதில் 16ம் 30ம் கழித்தால் மேசைக்கு 20 அங்குலம்தான் மிச்சம், அதில் வட்டம் போட்டால் இரண்டு குவளைக்கு மேல் வைக்க முடியாது. டிவியைச் சுவரில் மாட்டி அலமாரியை எடுத்துவிட்டால் 38 வரும், அப்போது வட்டம் பேசலாம். முடியாது என்றால் நடுவில் எதையும் போடாமல், சோஃபாவுக்கு அடியில் காலை நுழைத்து மடிக்கு மேலே வந்து நிற்கிற சி வடிவச் சின்ன மேசை இரண்டு வாங்கி ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொள்ளலாம். எங்கள் எதிர்வீட்டு அண்ணி அப்படித்தான் வைத்திருக்கிறார். சோஃபாவுக்கு அடியில் நாலு அங்குலமாவது இடைவெளி இருந்தால்தான் அது நுழையும், வாங்குவதற்கு முன்னால் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.